யூகே ஒரு வருஷமா, ஜெர்மனி ரெண்டு வருஷமா? வெள்ளிக்கிழமைக்குள்ள டெபாசிட் கட்டச் சொல்றாங்க, காரைக்குடிப் பக்கத்து ஆளுங்க கொஞ்சம் வந்து சொல்லுங்க

பணியாரச்சட்டி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிருவேன், இதுதான் முதல் போஸ்ட், நீளமா இருந்தா திட்டாதீங்க. நான் காரைக்குடி, கெமிக்கல் இன்ஜினியரிங் ஃபைனல் இயர், சிஜிபிஏ 7.9, அரியர் இல்ல. அப்பா பலகாரக் கடை வச்சிருக்காக, வீட்டுல யாரும் வெளிநாடு போயிப் படிச்சதில்ல, அதனால யாரைக் கேக்குறதுன்னே தெரியல. போன வாரம் மதுரையில ஒரு கன்சல்டன்சிக்கு அப்பாவும் நானும் போயிருந்தோம், கண்ணாடி ரூமு, சுவத்துல கொடி கொடியா ஒட்டியிருக்கு, காபி எல்லாம் குடுத்தாங்க. அரை மணி நேரத்துல உனக்கு யூகேதான் செட்டாகும்னு முடிவு பண்ணிட்டாங்க. எனர்ஜி மேனேஜ்மென்ட் எம்எஸ்சி, ஒரு வருஷம், பீஸ் 17,500 பவுண்டு, அடுத்த செப்டம்பர் இன்டேக். முடிச்சதும் ரெண்டு வருஷம் அங்கயே இருந்து வேலை தேடலாமாம். ஆனா இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள 4,000 பவுண்டு டெபாசிட் கட்டுனாத்தான் சீட்டு நிக்குமாம். ஜெர்மனி பத்திக் கேட்டேன், அங்க மொழி கஷ்டம், விசா ரிஜெக்ட் ஆகும்னு அதுக்கு மேல பேசவே விடல.

அப்பா வீட்டுப் பத்திரத்தை வச்சு லோன் போட்டுரலாம்ங்கிறாக. அம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா நைட்டு தூங்குறதில்ல. எனக்கு என்ன பிடிக்கும்னு கேட்டா, போன லீவுல இங்க காரைக்குடில இருக்குற சிக்ரி, அதான் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அங்க ஆறு வாரம் ஒரு புராஜெக்ட் பண்ணேன், பேட்டரி சம்பந்தமா, அது ரொம்ப பிடிச்சிருந்துச்சு. எனக்கு எந்த நாடு நல்லதுன்னு சொல்லுங்க ப்ளீஸ்.

தேவகோட்டை_டு_டிரெஸ்டன்:
தங்கச்சி, முதல்ல அந்த வெள்ளிக்கிழமையை மறந்துரு. இப்ப நவம்பர், கிளாஸ் ஆரம்பிக்கிறது அடுத்த செப்டம்பர், பந்தி போடுறதுக்கு முன்னாடியே மொய் வாங்குற கதையால்ல இருக்கு. நல்ல யுனிவர்சிட்டிக்கும் டெபாசிட் டேட் உண்டுதான், ஆனா அது ஆஃபர் லெட்டர்லயே எழுதியிருக்கும், ஏஜென்ட் வாயில இருந்து வராது. லெட்டர் கைக்கு வந்துருச்சா? வரலைன்னா எதுக்குக் காசு?

இன்னொண்ணு, ரெண்டு வருஷம்னு சொன்னாங்கள்ல, அது பழைய கணக்கு. 2027 ஜனவரி 1ல இருந்து கிராஜுவேட் ரூட், அதான் படிச்சு முடிச்சதும் அங்கயே தங்கி வேலை தேடுற விசா, அதுக்கு அப்ளை பண்றவங்களுக்கு அது 18 மாசம்தான், பிஎச்டிக்கு மட்டும் 3 வருஷம் அப்படியே இருக்கு. நீ 2026 செப்டம்பர்ல சேந்தா முடிக்கிறதே 2027 செப்டம்பர், அப்ப உனக்கு 18 மாசம். இது அந்தக் கண்ணாடி ரூம்காரங்களுக்குத் தெரியாம இருக்காது.

நான் இங்க எம்எஸ்சி ரெண்டாவது வருஷம். ஜெர்மனியைத் தூக்கிப் பிடிக்க வரல, ஆனா மொழி கஷ்டம் அதனால வேணாம்னு ஒரே வரியில தள்ளுறது நியாயமில்ல. பிராக்டிகலா உன் மார்க்குக்கு எங்க கிடைக்கும்னு நீயே பாத்துக்கலாம். இங்க மாடிஃபைடு பவேரியன் ஃபார்முலான்னு ஒண்ணு வச்சு நம்ம மார்க்கை மாத்துவாங்க, அதிகபட்ச கிரேடுல இருந்து உன் கிரேடைக் கழி, அதை அதிகபட்சத்துல இருந்து பாஸ் கிரேடைக் கழிச்சதால வகு, 3ஆல பெருக்கி 1 கூட்டு. பத்துக்கு 7.9, பாஸ் 5ன்னு வச்சா 2.1ஐ 5ஆல வகுத்து, மூணால பெருக்கி, ஒண்ணு கூட்டுனா 2.26. இங்க எண்ணு குறையக் குறையத்தான் நல்ல மார்க்கு. நிறைய கோர்ஸ்ல 2.5 வரைக்கும் எடுப்பாங்க, அதனால நீ ஆட்டத்துல இருக்க.

குளோபல்_வழிகாட்டி_007:
ஹாய் சிஸ்டர், ஃபோரம்ல கேட்டு கன்ஃப்யூஸ் ஆகாதீங்க. யூகே, அயர்லாந்து, மால்டா எல்லாத்துக்கும் 100% விசா கேரண்டி. நம்பர் இன்பாக்ஸ்ல அனுப்பியிருக்கேன், இன்னைக்கே பேசுனா அப்ளிகேஷன் ஃபீ ஃப்ரீ.

மாடரேட்டர்:
மேல உள்ளவரோட இன்பாக்ஸ் மெசேஜ் யாருக்காவது வந்திருந்தா ரிப்போர்ட் பண்ணுங்க. விசா குடுக்குறது அந்தந்த நாட்டு அரசாங்கம், கன்சல்டன்சி கிடையாது, கேரண்டின்னு எழுதுனா இங்க இடமில்ல. போஸ்டை மட்டும் அழிக்காம வச்சிருக்கேன், நாலு பேரு பாக்கட்டும்.

புதுவயல்_பொண்ணு:
நான் யூகேல ஒரு வருஷ எம்எஸ்சி முடிச்சு 2024ல ஊருக்குத் திரும்புனவ. உடனே யூகேவைத் திட்டுவேன்னு நினைக்காதீங்க, எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஏன் நல்லா இருந்துச்சுன்னு சொல்லணும்ல. நான் அதுக்கு முன்னாடி சென்னையில மூணு வருஷம் சப்ளை செயின்ல வேலை பாத்தேன், கையில காசு இருந்துச்சு, என்ன கத்துக்கணும்னு தெரியும், திரும்பி வர்ற கம்பெனி கூட மனசுல இருந்துச்சு. என் கூட ரூம்ல இருந்த பொண்ணு நேரா காலேஜ்ல இருந்து வந்தது. செப்டம்பர் கடைசில இறங்குறோம், பெட்டியைப் பிரிக்கிறதுக்குள்ள அங்க பெரிய கம்பெனிங்களோட கிராஜுவேட் ஸ்கீம் எல்லாம் திறந்து டிசம்பருக்குள்ள பாதி மூடிருது. ரெஸ்யூம்ல என்ன எழுதுவா அந்தப் பொண்ணு? ஜனவரியில பரீட்சை, அப்புறம் மறுபடி கிளாஸ், மே மாசம் பரீட்சை, கோடையில டெஸர்டேஷன்னு ஆய்வறிக்கை, அவ்வளவுதான் வருஷம் முடிஞ்சுது. குளிர்காலத்துல நாலு மணிக்கெல்லாம் இருட்டிப் போகும், அந்த இருட்டுல பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு ரிஜெக்ட் மெயில் படிக்கிறது இருக்கே, அதை எந்தக் கன்சல்டன்சியும் போஸ்டர்ல போட மாட்டாங்க.

பீஸ் மட்டும் பாக்காத பாப்பா. ஹெல்த் சர்சார்ஜ் வருஷத்துக்கு 776 பவுண்டு, உன் விசா கோர்ஸுக்கு மேல நாலு மாசம் சேத்து வரும், அதனால ஒன்றரை வருஷத்துக்கு 1,164 பவுண்டு மொத்தமா முன்னாடியே கட்டணும். வாழ்க்கைச் செலவுக்கு 9 மாசக் காசு பேங்க்ல 28 நாள் அசையாம இருக்கணும், ஒரு நாள் குறைஞ்சாலும் பிரச்சனை. "வித் பிளேஸ்மென்ட்"னு கோர்ஸ் பேருல இருந்தா மயங்காத, பெரும்பாலான இடத்துல அந்தக் கம்பெனியை நீயே தேடிக்கணும், கிடைக்கலைன்னா அந்த வார்த்தையை எடுத்துட்டு சாதா கோர்ஸா மாத்திருவாங்க.

ஒரு வருஷ மாஸ்டர்ஸ் இந்தியாவுல செல்லாதுன்னு யாராவது சொன்னா அதையும் நம்பாத, 2022 ஜூலைல ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு அது சரியாயிருச்சு.

கோட்டையூர்_ஐந்தொகை:
வணக்கம் ஆத்தா. நான் பேங்க்ல 31 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன், டைப் அடிக்கிறது மெதுவா இருக்கும், பொறுத்துக்கங்க. நாடு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது, காசைப் பத்தி மட்டும் சொல்றேன்.

அப்பா வீட்டுப் பத்திரம்னு சொல்றாகல்ல, அது யார் பேருல இருக்குன்னு முதல்ல பாரு. சாதாரணமா ஏழரை லட்சத்துக்கு மேல போனா பேங்க் அடமானம் கேக்கும். நம்ம பக்கத்துல இதுலதான் எல்லாரும் முட்டிக்கிறது. எங்க கிளைக்கு ஒருத்தர் பையனுக்கு லோன் கேட்டு வந்தாரு, வீட்டு போட்டோவைக் காட்டுனாரு, முகப்புல பர்மாத் தேக்குத் தூணு, உள்ள நாலு கட்டு, இந்தத் தெருவுல இருந்து அடுத்த தெரு வரைக்கும் ஓடுது. கோடிக்கணக்குல போகும். பத்திரத்தை விரிச்சா அவருக்கு 24ல ஒரு பங்கு, மத்த பங்காளிக சிங்கப்பூரு, கோலாலம்பூரு, நியூஜெர்சின்னு இருக்காக, ரெண்டு பேரு உயிரோட இருக்காகளான்னே தெரியல. எல்லாரும் கையெழுத்துப் போடாம எந்த பேங்கும் தொடாது. அரண்மனை மாதிரி வீட்டுல உக்காந்துக்கிட்டு அந்த மனுசன் கடைசில மனைவி பேருல இருந்த ரெண்டு சென்ட் பிளாட்டை வச்சு வாங்குனாரு. உங்க வீடு சித்தப்பாவோட சேந்த சொத்தா இருந்தா இப்பவே பேசிருங்க, விசா நேரத்துல பேசுனா சண்டைதான் வரும்.

அடுத்து கணக்கு. 17,500 பவுண்டு, பவுண்டு 115 ரூவாய்னு வச்சாலே 20 லட்சம், சாப்பாடு வாடகை விமானம் எல்லாம் சேந்தா 35 லட்சம் வரும். 11 வட்டியில பத்து வருஷத் தவணைன்னா மாசம் 48,000 ரூவாய்க்கு மேல. இது படிக்கிற காலத்துல ஏறுற வட்டியைச் சேக்காம. ஊருக்குத் திரும்பி வந்து முதல் வேலையில என்ன சம்பளம் வரும்னு நீயே நினைச்சுப் பாரு. படிக்கிறப்பவே வட்டியை மட்டுமாவது மாசாமாசம் கட்டிட்டு வந்தா பின்னாடி பாரம் கொஞ்சம் குறையும், இதைக் கவுண்டர்ல யாரும் சொல்ல மாட்டாக, நான் சொல்றேன். கட்டுற வட்டிக்கு வரி விலக்கு 8 வருஷம் உண்டு, பழைய வரி முறையில இருந்தா மட்டும். லோன் பணமா வெளிநாட்டுக்கு அனுப்புனா டிசிஎஸ், அதான் அனுப்புறப்பவே பிடிக்கிற வரி, அதைப் பிடிக்க மாட்டாங்க, கைக்காசா அனுப்புனா வருஷத்துக்குப் பத்து லட்சம் வரைக்கும் இல்ல, அதுக்கு மேல உண்டு, அது பின்னாடி ரிட்டர்ன்ல திரும்ப வரும், ஆனாலும் அந்த நேரத்துல கையில இருந்து போகும்ல.

எங்க ஐயா பர்மா மௌல்மீன்ல ஒரு கடையில ஏஜென்ட்டா இருந்தவுக. கொண்டுவிக்கப் போறதுன்னு சொல்லுவாக. மூணு வருஷம் ஒரு கணக்கு, போறதுக்கு முன்னாடியே சம்பளத்துல ஒரு பகுதியை முன்பணமா வீட்டுல குடுத்துட்டுப் போவாக, கணக்கு முடிஞ்சா ஐந்தொகை எடுத்து ஒப்படைச்சுட்டுத்தான் கப்பல் ஏறுவாக. அப்ப போறவனுக்கு முன்பணம் குடுத்தாக, இப்ப போறவன் முன்பணம் கட்டுறான். நீ 4,000 பவுண்டுன்னு எழுதுனதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

செக்காலை_ரியலிஸ்ட்:
ஐயா கணக்கு சூப்பர். ஆனா டிரெஸ்டன் அண்ணன் சொல்றதைக் கேட்டு எல்லாரும் ஜெர்மனிக்குக் கிளம்பிராதீங்க. இங்கிலீஷ்ல படிச்சுட்டு இங்கிலீஷ்லயே வேலை கிடைச்சுரும்னு ஒரு கனவு. ஐடில வேணா கிடைக்கும். கெமிக்கல் பிளான்ட்டுல சேஃப்டி மீட்டிங் எந்த பாஷையில நடக்கும்? ஜெர்மன் மொழியில பி1 பி2 லெவல் இல்லாம ஷாப் ஃப்ளோர்ல உள்ளயே விட மாட்டான். ஃப்ரீ ஃப்ரீன்னு போயி மூணு வருஷம் பிட்ஸா டெலிவரி பண்ணிக்கிட்டு இருக்கிறவங்களை எனக்குத் தெரியும். ஃப்ரீயும் கிடையாது இப்ப, மியூனிக் டெக்னிகல் யுனிவர்சிட்டி 2024 குளிர்கால செமஸ்டர்ல இருந்து வெளிநாட்டு மாணவர்களுக்கு பீஸ் வச்சிருச்சு, மாஸ்டர்ஸ்க்கு செமஸ்டருக்கு 4,000ல இருந்து 6,000 யூரோ.

தேவகோட்டை_டு_டிரெஸ்டன்:
ரியலிஸ்ட் அண்ணே, மொழி விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. நானே ஏ2வோட வந்து இறங்கி முதல் ஆறு மாசம் வாயில்லாப் பூச்சியா திரிஞ்சேன், இப்ப பி2 முடிச்ச பிறகுதான் லேப்ல ஆளுங்க சாப்பிடக் கூப்பிடுறாங்க. தங்கச்சி, போறதா இருந்தா இன்னைக்கே ஏ1 ஆரம்பி, இதுல சமாதானமே கிடையாது.

பீஸ் விஷயத்துக்கு வர்றேன். மியூனிக் ஒண்ணு, பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஒண்ணு, அங்க 2017ல இருந்தே வெளிநாட்டுக்காரங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மத்த மாநில கவர்ன்மென்ட் யுனிவர்சிட்டி பெரும்பாலும் பீஸ் இல்ல, செமஸ்டர் கட்டணம்னு சில நூறு யூரோ மட்டும். இங்க ஒரு விஷயம் கவனி. உல்ம் நகரம் அந்த பீஸ் வாங்குற மாநிலத்துலதான் இருக்கு. பேட்டரிக்குன்னே ஹெல்ம்ஹோல்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் அங்க இருக்கு, 2011ல ஆரம்பிச்சது. நாலு செமஸ்டருக்கு 6,000 யூரோ கட்டி அந்த ஊருல படிக்கிறதா, இல்ல ஃப்ரீயா கிடைக்குதுன்னு பேட்டரி லேபே இல்லாத ஊருக்குப் போறதா? அதே சமயம் மியூன்ஸ்டர் யுனிவர்சிட்டியிலயும் மீட்னு ஒரு பேட்டரி ரிசர்ச் சென்டர் இருக்கு, அந்த மாநிலத்துல இந்த 1,500 கிடையாது. நாட்டைப் பாக்காத, மாநிலத்தைக் கூடப் பாக்காத, எந்தக் கட்டடத்துக்குள்ள உன்னை விடுவாங்கன்னு பாரு.

கைக்காசு எவ்வளவுன்னா, பிளாக்டு அக்கவுண்ட்ல வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டு வைக்கணும், மாசம் 992 உனக்குத் திருப்பித் தருவாங்க. அது பீஸ் இல்ல, உன் சோத்துக் காசுதான், ஆனா முன்னாடியே புரட்டணும். யூரோ 100 ரூவாய்னா கிட்டத்தட்ட 12 லட்சம். விசா நீட்டிக்கிறப்ப மறுபடி காசு காட்டணும். ஹெல்த் இன்ஷூரன்ஸ் மாசம் 140 யூரோவைத் தாண்டுது. வேலை வருஷத்துக்கு 140 முழு நாள் பாக்கலாம், யுனிவர்சிட்டி லேப்லயே ஹிவின்னு அசிஸ்டன்ட் வேலை கிடைச்சா பிட்ஸா தூக்க வேணாம், அதுவும் ஒரு வருஷம் போனாத்தான் கிடைக்கும். முடிச்சதும் வேலை தேட 18 மாசம்.

பணியாரச்சட்டி:
அண்ணே, அக்கா, ஐயா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா சொன்னதும் பத்திரத்தை எடுத்துப் பாத்தோம். தாத்தா பேருலதான் இருக்கு, மாத்தவே இல்ல, அப்பாவுக்கும் ரெண்டு சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பங்கு. அப்பா அப்படியே பத்திரத்தை மடிச்சு பீரோவுல வச்சுட்டாக, ஒண்ணும் பேசல.

நேத்து நைட்டு ஒரு வேலை பண்ணேன். அந்த யூகே கோர்ஸோட வெப்சைட்ல போயி மாட்யூல் லிஸ்டை முதல் தடவையா திறந்து பாத்தேன். வெக்கமா இருக்கு சொல்ல, இவ்வளவு நாள் பேரை மட்டும்தான் பாத்திருக்கேன், 20 லட்சம் கட்டப் போற கோர்ஸு. மொத்தம் 180 கிரெடிட், அதுல 60 டெஸர்டேஷன். மிச்சம் புராஜெக்ட் மேனேஜ்மென்ட், எனர்ஜி பாலிசி, ஃபைனான்ஸ், ரிஸ்க், ஒரு ஆப்ஷனல்ல மட்டும் ஸ்டோரேஜ்னு ஒரு வார்த்தை வருது. லேப்னு தேடுனா ஒண்ணு வந்துச்சு, கம்ப்யூட்டர் லேப்.

சிக்ரில நான் என்ன பண்ணேன்னா, காயின் செல் அசெம்பிள் பண்ணுவோம், பட்டன் பேட்டரி மாதிரி இருக்கும். ஆர்கான் கேஸ் நிரப்புன கிளவ் பாக்ஸ்ல தடி தடியா ரப்பர் கையுறைக்குள்ள கையை விட்டு, டிவீசர்ல மூடி, எலக்ட்ரோடு, செபரேட்டர், லித்தியம், ஸ்பிரிங்னு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ரெண்டு சொட்டு எலக்ட்ரோலைட் விட்டு, கிரிம்பர்ல அமுக்கணும். முதல் வாரம் நான் பண்ண பதினோரு செல்லுல ஒன்பது ஷார்ட்டு. செபரேட்டர் ஒரு மயிரிழை நகந்தாலும் போச்சு. கடைசி வாரம் பத்துக்கு எட்டு ஓடுச்சு, அந்த சார்ஜ் டிஸ்சார்ஜ் கிராஃபைப் பாத்துட்டு நான் பஸ்ஸைத் தவற விட்டேன். இதுக்கும் எனர்ஜி மேனேஜ்மென்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? யாருக்காவது பேட்டரிக்குன்னே கோர்ஸு தெரியுமா?

ரெண்டுநாடு_ஒருபெட்டி:
வந்துட்டேன் வந்துட்டேன், இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். எரஸ்மஸ் முண்டஸ் ஜாயின்ட் மாஸ்டர்ஸ்னு கேள்விப்பட்டிருக்கியா? ஐரோப்பிய யூனியன் காசு. குறைஞ்சது ரெண்டு நாட்டுல படிக்கணும், ஸ்காலர்ஷிப் கிடைச்சா பீஸ் இல்ல, மாசம் 1,400 யூரோ கையில வரும், ரெண்டு வருஷத்துக்கு 33,600 யூரோ. பேட்டரிக்குன்னே ஒரு கோர்ஸ் இருக்கு, மெஸ்க் பிளஸ்னு பேரு, பிரான்ஸ்ல அமியான் யுனிவர்சிட்டி நடத்துது, வார்சா, லுப்லியானா எல்லாம் அதுல கூட்டு. நான் அதுல படிக்கல, வேற ஒரு எரஸ்மஸ் கோர்ஸ், ஆனா எங்க பேட்ச் பார்ட்டியில அந்தக் கூட்டத்தைப் பாத்திருக்கேன், சாப்பிடும்போதும் பேட்டரி கேத்தோடு பத்தித்தான் பேசுவாங்க.

முக்கியம் என்னன்னா பெரும்பாலான எரஸ்மஸ் கோர்ஸுக்கு அப்ளிகேஷன் அக்டோபர்ல இருந்து ஜனவரிக்குள்ள முடிஞ்சுரும். ஆகஸ்ட்ல முழிச்சுப் பாத்தா அடுத்த வருஷம்தான். நீ இப்ப நவம்பர்ல இருக்க, டைம் இருக்கு. ஃபைனல் இயர்ல இருக்கும்போதே போடலாம். மோட்டிவேஷன் லெட்டர்ல சின்ன வயசுல இருந்தே சயின்ஸ் பிடிக்கும்னு ஆரம்பிக்காத, எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. பதினோரு செல்லுல ஒன்பது ஷார்ட்டுன்னு மேல எழுதியிருக்கியே, அதை எழுது. ஏன் ஷார்ட் ஆச்சு, எப்படிக் கண்டுபிடிச்ச, என்ன மாத்துன, அதுதான் அவங்களுக்கு வேணும். ரெகமண்டேஷன் லெட்டர் சிக்ரில உன்னைப் பக்கத்துல இருந்து பாத்தவங்ககிட்ட வாங்கு, காலேஜ்ல பெரிய பதவியில இருக்காங்கன்னு உன் பேரே தெரியாதவங்ககிட்ட வாங்காத.

கஷ்டமும் சொல்லிடுறேன். ஸ்காலர்ஷிப் சீட்டு கொஞ்சம்தான், உலகம் பூராவும் போட்டி. ரிசர்வ் லிஸ்ட்ல வச்சு மாசக்கணக்குல நகத்தைக் கடிக்க விடுவாங்க. சில சமயம் சீட்டு உண்டு, ஸ்காலர்ஷிப் இல்லன்னு லெட்டர் வரும், அப்ப சந்தோஷத்துல ஓகே சொல்லிராத, ஐயாகிட்ட கணக்குக் கேளு. ஒவ்வொரு நாடா மாறும்போதும் வீடு, பேங்க், ரெசிடென்ஸ் பெர்மிட் எல்லாம் முதல்ல இருந்து. ஒரு ஊருல பிரண்ட்ஸ் பிடிச்சு முடிக்கிறதுக்குள்ள பெட்டியைக் கட்டணும். மூணாவது தடவை பெட்டி கட்டும்போது குக்கரை யாருக்கோ குடுத்துட்டு வந்துட்டேன், இப்பவும் மனசு ஆறல.

அழகப்பா_ஆர்ட்ஸ்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் எம்ஏ ஹிஸ்டரி. எப்ப பாத்தாலும் இன்ஜினியரிங், எம்எஸ்சி, ஸ்டெம்னே பேசுறீங்க, எங்களுக்கெல்லாம் ஒண்ணும் கிடையாதா? பிரிட்டிஷ் அரசு தர்ற செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு ஃப்ரெஷர் அப்ளை பண்ணலாமா?

புதுவயல்_பொண்ணு:
செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேக்குறாங்க, கிட்டத்தட்ட ரெண்டு வருஷ வேலை, படிச்சு முடிச்சதும் ரெண்டு வருஷம் ஊருல இருக்கணும்னும் உண்டு. அதனால இப்போதைக்கு இல்ல, ஆனா வேலைக்குப் போயிட்டு வந்து போடு, ஹிஸ்டரிக்காரங்களும் போடலாம். ஒண்ணு யோசி, நீ உக்காந்திருக்கிற ஊரே ஒரு சப்ஜெக்ட். பர்மா, மலேயா, சிலோன்ல நம்ம ஆளுங்க லேவாதேவி பண்ணதைப் பத்தி வெளிநாட்டுல இருந்து வந்து ஆராய்ச்சி பண்றாங்க, நம்ம வீட்டுப் பரண்ல கிடக்குற பேரேடு அவங்களுக்குக் கிடைக்க மாட்டேங்குது. மலாயா யுனிவர்சிட்டியில இந்திய ஆய்வியல் துறை 1956ல இருந்து இருக்கு, தமிழ்லயே ஆராய்ச்சி நடக்குது, ஐரோப்பாவை விட செலவும் கம்மி. தனி இழை போடு, நிறைய பேரு வருவாங்க.

கண்டனூர்_காலணி:
எஸ்சி பசங்க யாராவது படிச்சுக்கிட்டு இருந்தா அவங்களுக்காக ஒரு வரி. சென்ட்ரல் கவர்ன்மென்ட் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் இருக்கு, வயசு 35க்குள்ள, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள, 60% மார்க். நிலமில்லாத விவசாயக் கூலிக் குடும்பத்துக்கும், பாரம்பரிய கைவினைஞர் குடும்பத்துக்கும் கூட உண்டு. தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பேருல தனியா தர்றாங்க. எந்தக் கன்சல்டன்சியும் இதைச் சொல்லாது, அவங்களுக்கு கமிஷன் வர்றது யுனிவர்சிட்டி பீஸ்ல இருந்து. எங்க வீட்டுலயே ஒருத்தன் தெரியாம தனியார் கம்பெனியில 14 வட்டிக்கு லோன் போட்டுட்டுப் போனான்.

செக்காலை_ரியலிஸ்ட்:
எல்லாம் சரி, எரஸ்மஸ் கிடைக்கலைன்னா? சும்மா ஆசை காட்டி விட்டுறாதீங்க.

ரெண்டுநாடு_ஒருபெட்டி:
கிடைக்கலைன்னா ஜெர்மனிக்கு அதே டாக்குமென்ட்டு, அதே லெட்டர், நிறைய கோர்ஸுக்கு ஜூலை 15 வரைக்கும் டைம் இருக்கு, சிலது மார்ச்லயே முடியும், ஒவ்வொண்ணா பாத்துக்கணும். அதுவும் இல்லைன்னா ஒரு வருஷம் சிக்ரிலயோ வேற எங்கயோ புராஜெக்ட் அசிஸ்டன்ட்டா இருந்துட்டு அடுத்த வருஷம். 22 வயசுல ஒரு வருஷம் போனா குடி முழுகிறாது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணாத்தான் முழுகும்.

கோட்டையூர்_ஐந்தொகை:
இந்த ரெண்டுநாடு தம்பி சொல்றது எனக்குச் சரியாப் படுது. ஆனா ஆத்தா, சொத்து விஷயம் அப்பாகிட்ட பதமாப் பேசு. பத்திரம் தாத்தா பேருல இருக்குங்கிறது அவுகளுக்கு முன்னாடியே தெரியும், மகளுக்காக இல்லாத மாதிரி நினைச்சுக்கிட்டு இருந்திருப்பாக.

பணியாரச்சட்டி (பதினெட்டு நாள் கழிச்சு):
அப்டேட். டெபாசிட் கட்டல. வெள்ளிக்கிழமை போன் வந்துச்சு, திங்கக்கிழமை வரைக்கும் டைம் வாங்கித் தர்றோம்னாங்க, திங்கக்கிழமை அடுத்த வெள்ளின்னாங்க, அப்புறம் அப்பாவே நம்பரை பிளாக் பண்ணிட்டாக. ரெண்டு எரஸ்மஸ் கோர்ஸுக்குப் போடுறேன், அதுல ஒண்ணு பேட்டரி. சிக்ரில எனக்கு கிளவ் பாக்ஸ் சொல்லிக் குடுத்த அக்கா லெட்டருக்கு அவங்க சயின்டிஸ்ட்கிட்டயே கேட்டுத் தர்றேன்னாங்க. ஜெர்மனிக்கு, நம்ம படிப்பு சர்டிபிகேட்டைச் சரிபாத்துத் தர்ற ஏபிஎஸ் சர்டிபிகேட் முதல்ல வாங்கணும்னு தெரிஞ்சு, 18,000 ரூவாய் கட்டிட்டேன், அது அப்பா தீபாவளி பலகார ஆர்டர் காசு. ஏ1 கிளாஸ் ஆன்லைன்ல சேந்துட்டேன், அம்மா அடுப்படியில நின்னுக்கிட்டு குட்டன் மோர்கன் சொல்லிப் பழகுறாங்க, அது என்ன மோருன்னு ஆயா கேக்குறாங்க. சித்தப்பாங்ககிட்ட அப்பா இன்னும் பேசல. பொங்கலுக்கு வரும்போது பேசுறேன்னுருக்காக.

இப்ப புதுப் பிரச்சனை. மார்க் ஷீட்டுல என் பேருக்குப் பின்னாடி இனிஷியல். பத்தாவது சர்டிபிகேட்ல இனிஷியல் முன்னாடி. பாஸ்போர்ட்ல சர்நேம்ங்கிற இடத்துல அப்பாவோட முழுப் பேரு. ஏபிஎஸ்சுக்காக டில்லிக்கு டாக்குமென்ட் கூரியர் அனுப்பணும், மூணு பேரும் ஒரே ஆளுதான்னு எப்படி நிரூபிக்கிறது? டிரெஸ்டன் அண்ணே நீங்க என்ன பண்ணீங்க?

தேவகோட்டை_டு_டிரெஸ்டன்:
நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் போடு, இந்த இனிஷியலோட விரிவு இன்ன பேரு, மூணும் நான்தான்னு, இங்கிலீஷ்ல. கூட ஒரு கவரிங் லெட்டர். அப்ளிகேஷன் எல்லாத்துலயும் பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதே பேரு, ஒரு எழுத்து மாறக் கூடாது, ஃப்ளைட் டிக்கெட் வரைக்கும். எனக்கு ஏத்துக்கிட்டாங்க.

ஆனா இங்க வந்த பிறகு அதுக்கு ஒரு பலன் உண்டு, இப்பவே சொல்லிடுறேன். பேங்க், ஆஸ்பத்திரி, யுனிவர்சிட்டி ஆபீஸ் எல்லா இடத்துலயும் சர்நேம் வச்சுத்தான் ஹெர் இன்னார்னு கூப்பிடுவான். டோக்கன் எடுத்துட்டு உக்காந்திருப்பேன், எங்க அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க, ரெண்டாவது வருஷம் நடக்குது, இன்னும் ஒவ்வொரு தடவையும் நான் கதவுப் பக்கம் திரும்பிப் பாக்குறேன்.